நாலேகால் அங்குலம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வலி குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் போனை எடுக்காததற்கு முழங்கை காரணமில்லை.

கேளம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. நேற்று என் டென்னிஸ் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் அதைப் பிடித்துக் காட்டச் சொன்னாள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய மட்டும் இடமிருந்தால்தான் சரியான அளவாம். எனக்கு இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

"இது யாரு கைக்கு வாங்குனது அக்கா?" என்றாள்.

உங்கள் கைக்கு! கல்பாக்கம் டவுன்ஷிப் தம்பதிகள் போட்டியில் ஜோடியாகத் தெரிய வேண்டுமென்று, நாலரை அங்குலச் சுற்றளவுப் பிடியில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தீர்களே. வழுக்குகிறது என்றேன். "இன்னொரு சுத்து டேப் சுத்திக்கினா சரியாப் பூடும்" என்று நீங்களே சுற்றி, அதை இன்னும் தடியாக்கினீர்கள். அதை நழுவவிடாமல் இறுக்கிப் பிடித்துத்தான் என் முழங்கை போயிற்று. "வயசாவுதுல்ல, இன்னா பண்றது" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். தோசைக்கரண்டியைத் தூக்க முடியாமல் நின்றேன். அன்றும் தோசைதான் கேட்டீர்கள்.

பதினாறு வருடமாக என் கையைப் பிடித்தவர் நீங்கள். அதன் அளவை அந்தப் பெண் அரை நிமிடத்தில் சொன்னாள். நாலேகால்.

உங்கள் கைக்கு வாங்கிய அந்த ராக்கெட்டைப் பாப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். இந்த வருட டவுன்ஷிப் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாயிற்று, ஒற்றையர் பிரிவில்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா