இருபத்து மூன்று அட்டைகளும் ஒரு கயிறும்

ஹாப்லி, ஷ்ராப்ஷையர்
ஞாயிறு, ஜூலை

அன்புத் தங்கை கொன்னிக்கு அக்கா ஹெட்டி எழுதுவது. இங்கே நான், உன் அத்தான் டெனிஸ், கோழிகள் எல்லாரும் நலம். கனடாவில் நீயும் உன் மாமியாரும் ஒரே கூரையின் கீழ் இன்னும் உயிரோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அட்டை வந்தது. வெளியே பூங்கொத்து, உள்ளே "உனக்கு ஸ்ட்ரெங்த் கிடைக்கட்டும்". பிப்ரவரியில் என் வயிற்றில் கத்தி வைத்ததிலிருந்து இதோடு இருபத்து மூன்று அட்டைகள். எல்லாவற்றிலும் அதே சொல். கறிக்கடைக்காரர்கூட அதைத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் காசுக்கு இரண்டு துண்டு ஈரல் அனுப்பியிருக்கலாம்.

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள். ஆனாலும் ஊரே எனக்கு வாழ்த்துகிற அந்தச் சாமான் என்னதான் என்று பார்க்க ஆசை வந்தது. செவ்வாய்க்கிழமை வரும் நூலக வண்டியை ஓட்டும் பாசிலிடம் கேட்டேன். "எதுக்கு ஹெட்டி, குறுக்கெழுத்துப் போட்டிக்கா?" என்றான். "இல்லடா, வீட்ல இருபத்து மூணு கெடக்கு, எதுக்கு ஆகும்னு தெரியல" என்றேன். தலையணை மாதிரி ஓர் அகராதியை எடுத்தான்.

ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய சொல்லாம். ஒரு காலத்தில் கோட்டைக்கும் அதே பெயராம். படையில் எத்தனை தலை என்பதற்கும் அதுவேதானாம். டீ ஸ்ட்ராங்காக இருப்பதும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அடி வேருக்குப் போனால் இறுக்கம் என்றுதான் பொருள் இருந்திருக்கும் என்கிறார்கள். இழுத்துக் கட்டிய கயிற்றில் வரும் விறைப்பு. கயிற்றையும் நூலையும் சொல்கிற 'ஸ்ட்ரிங்' அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சியாம். ஜெர்மன்காரர்களிடம் இருக்கும் உறவுச் சொல்லுக்குக் கண்டிப்பு என்று அர்த்தமாம். உன் மாமியார் ஜெர்மன்காரி ஆயிற்றே என்று நினைத்து வண்டியிலேயே சிரித்துவிட்டேன்.

அந்த வேரில் சதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கொன்னி. ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாரம்தான் பெவ் என்னைக் கயிற்றிலிருந்து இறக்கியிருந்தாள். நம் ஊர்ப் பெண்கள் கயிறிழுக்கும் அணியில் பத்தொன்பது வருஷமாகக் கடைசி ஆள் நான். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நிற்கிறவள். பெவ் தலைவி. "ஒடம்புல சதையே இல்லியே கண்ணு, இந்த வருஷம் நீ டீ ஊத்து" என்றாள். என் இடத்தில் பெட்ரோல் பங்க் ஷெரில்.

நேற்றுத்தான் ஊர்க் கண்காட்சி. வழக்கம்போல எட்டுப் பேரையும் மாடு நிறுக்கும் தராசில் ஒன்றாக ஏற்றினார்கள். ஐந்நூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. ஷெரிலின் எடையைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது கிலோ அதிகம். எதிரணி வென்புரூக் பெண்கள் கை தட்டினார்கள். முழங்கால் வலிக்காரி பாம், எழுபத்திரண்டு கிலோ, இறங்கினாள். அவளுக்குப் பதில் அறுபத்து மூன்று கிலோவுக்குள் ஓர் ஆள் வேண்டும். நான் டீ கெட்டிலை வைத்துவிட்டு ஏறினேன்.

நான் மட்டும் அறுபத்தொன்று. போன வருஷம் எண்பத்து நான்கு. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "ஏன்டி புல்லப் பாக்குறீங்க? தொலஞ்சது என் சதை, அத நான் தேடிக்கிறேன்" என்றேன். நடுவர் என் முன்கையில் நீல மை முத்திரை குத்தினார்: நிறுத்தாயிற்று, சரி.

முதல் இழுப்பில் கடைசியில் நின்றது ஷெரில். ஒரே வெட்டு வெட்டி இழுத்தாள், உட்கார்ந்துவிட்டாள். தோற்றோம். "கயித்த இங்க குடு" என்றேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பெவ் தயங்கினாள். "நர்ஸக் கேட்டுட்டேன். பின்னால சாயலாமான்னேன், தாராளமா சாயலாம்னுட்டா." கயிற்றைப் பற்றி நர்ஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசி ஆளின் வேலை இழுப்பது அல்ல, விடாமல் இருப்பது. கயிறு விறைத்தது. அவர்கள் வெட்டி வெட்டி இழுத்தார்கள், நாங்கள் சாய்ந்து கிடந்தோம். அவர்கள் களைத்ததும் பின்னால் ஒரு எட்டு, இன்னொரு எட்டு வைத்தோம். ஜெயித்தோம்! மூன்றாவது இழுப்பு ஐந்து நிமிஷம் போனது. தோற்றோம்தான், ஆனால் ஒருத்திகூட உட்காரவில்லை. வென்புரூக் தலைவி வந்து, "அடுத்த வருஷமும் வருவியா, எலும்புக்கூடே?" என்றாள். "நீ மொதல்ல மூச்சு வாங்கி முடி, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் டெனிஸ் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். வியாழக்கிழமை ஸ்கேன் முடிவு சொல்கிறார்கள். தனியாக வராதீர்கள், கூட யாராவது வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தக் கையில் சோப்புப் போட மாட்டேன். முத்திரையை டாக்டரும் பார்க்கட்டும்.

அடுத்த வாரமே விமானம் ஏறி வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. முப்பது வருஷம் வராதவள் இப்போது எதற்கு ஓடி வருகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் நான் இடம் கொடுக்க மாட்டேன். அடுத்த ஜூலைக்கு டிக்கெட் எடு. பாமுக்கு முழங்கால் போய்விட்டது, ஷெரிலுக்கு இந்த ஒரு வருஷமே போதுமாம், ஓர் இடம் காலி. பழைய பூட்ஸ் கொண்டு வா, வாயைக் கட்டு, அறுபத்தைந்து கிலோவைத் தாண்டாதே. எனக்கு முன்னால் நின்று பிடி. உன் பின்னால் நான் நிற்பேன்.

உன் மாமியாரோடு சேர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த கண்காட்சியில் உன்னைத் தராசில் ஏற்றப்போகும்
அக்கா ஹெட்டி