டேங்கும் என் மூக்கும்

மார்ச் 3, செவ்வாய்

டேங்க் வந்து இறங்கிவிட்டது. காயலான் கடைக்காரரும் நானும் சேர்ந்து பின்வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தோம். இடுப்பு உயரம். கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் எட்டவில்லை. பஞ்சர் கடையில் காற்று பிடித்து வைத்திருந்த டேங்க், உள்ளே சுத்தமான காற்றைத் தவிர எதுவும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். என் மனைவி இருக்கிறாளே, இவள் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னை இதுக்குள்ள வச்சு வேகவைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாதக் கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அதற்குள் டேங்கை வெட்டி, கதவு வைத்து, புகைபோக்கி வைத்து, ஒரு புகை அடுப்பு செய்து, புகையிலேயே கறியை வேகவைக்கும் பார்பிக்யூ போட வேண்டும். எல்லாரிடமும் சொல்லியிருக்கும் காரணம் இதுதான். நிஜக் காரணத்தை இங்கேதான் எழுத முடியும். நவம்பரில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியவில்லை. ஆறேழு மணி நேரம் மரப்புகையில் நின்றால் மூக்கு திறந்துகொள்ளுமோ என்று ஒரு நப்பாசை.

மார்ச் 5, வியாழன்

கேன்டீனில் இன்று கோழியைப் பாத்திரத்தில் கொட்டப் போனேன். எனக்கு அடுத்தபடியாக வேலை செய்யும் பெண் — எல்லாரும் அவளைச் சின்ன மாஸ்டர் என்பார்கள் — ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். "மாஸ்டர், இது கெட்டுப்போச்சு. தெரியலையா?"

உன்னை டெஸ்ட் பண்ணினேன் என்றேன். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. என்ன மனுஷன் நான்?

மதியம் அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பு, காரம், புளிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் இருபத்தாறு வருடக் கைப்பழக்கத்தில் ஓடுகிறது. கெட்டுப்போனது மட்டும் கைக்குத் தெரியாது. வெளியே சொன்னால்? மூக்கில்லாத சமையல்காரனை எவன் வைத்துக்கொள்வான்?

மார்ச் 7, சனி

வெல்டிங் பட்டறைக்கு டேங்கைக் கொண்டுபோனேன். வெல்டிங்காரர் அதிகம் பேசாதவர். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பழைய டேங்க் வந்தாலும் அதைக் கொண்டுவந்தவர்தான் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வெட்டு விழும்போது அவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். முப்பது வருடம் இரும்புப் புகையில் நின்று தன் மூக்கு மழுங்கிவிட்டது, அதனால்தான் என்றார். பெட்ரோல், டீசல் வாடை இருந்தால் தீப்பட்டு வெடிக்கும் என்பதால் கழுவி, தண்ணீர் நிரப்பி, அப்புறம்தான் வெட்டுவார். அதற்கு ஒரு வாரம் ஆகும். வாடை இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையே நேராகக் கேஸ் கட்டரை வைத்துவிடலாம்.

"நீங்க சமையல் மாஸ்டர். உங்க மூக்கை விட வேற என்ன வேணும்?" என்றார்.

குனிந்து, மேலே இருந்த ஓட்டையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன். ஜில்லென்று இரும்பு மட்டும் பட்டது. நிமிர்ந்து, ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் சாக்பீஸால் கதவுக்கு அளவு போட ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு, உள்ளே ஒன்றும் இல்லை என்பது வேறு. இது நேற்று ஏன் உறைக்கவில்லை?

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் மார்க்கெட் என்று சொல்லிவிட்டு மூக்கு டாக்டரிடம் போனேன். மூன்றாவது தடவை. சின்னச் சின்ன பாட்டில்களாகத் திறந்து மூக்கருகே நீட்டினார். ஏழுக்கு ஏழும் தண்ணீர் போலத்தான். வரலாம், வராமலும் போகலாம் என்றார். மரப்புகை பற்றிக் கேட்டேன். கண்தான் கெடும் என்றார்.

மார்க்கெட் என்று சொன்னதற்காக வெங்காயம் வாங்கிப் போனேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கூடை கிடக்கிறது. இவள் வெங்காயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுப்பங்கரைப் பக்கம் போய் வழக்கம்போல "வாசனை தூக்குதே" என்றேன்.

மார்ச் 12, வியாழன்

வெல்டிங்காரர் போன் செய்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வெட்டு. நான் கட்டாயம் வர வேண்டும்.

டேங்கை வேறு யாரிடமாவது மோந்து பார்க்கச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? மாஸ்டருக்கு எதற்கு இன்னொரு மூக்கு என்று கேட்க மாட்டார்களா? காற்று டேங்க்தான். காயலான் கடைக்காரர் அப்படித்தானே சொன்னார். அவர் எதை விற்கும்போதுதான் நிஜம் சொல்லியிருக்கிறார்?

மார்ச் 13, வெள்ளி

ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். டேங்கைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். பின்னால் அவருடைய தம்பி கதவுக்கான கீலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங்காரர் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கேஸைத் திறந்து பற்றவைத்தார். நீல நாக்கு நீண்டது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு சாக்பீஸ் கோட்டுக்கு அதைக் கொண்டுபோனார். ஒரு சாண்தான் இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு. நாலு மாசமாச்சு. அன்னிக்கு ஒண்ணும் இல்லேன்னு சொன்னது பொய்."

கேஸை மூடினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டால் போதாதா என்று இழுத்தேன்.

"வேணாம். டேங்க் வெடிச்சா யார் அழப்போறாங்களோ, அவங்க மோந்து பாக்கட்டும். அவங்கதான் ஒழுங்கா பாப்பாங்க."

இவளைப் போனில் அழைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. போன சனிக்கிழமை நான் மோந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றதை வெல்டிங்காரர் சொல்லி, ஓட்டையைக் காட்டினார். குனிந்தவள், யாரோ அடித்தது போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

"பெட்ரோல் பங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு. இதைப் போயா நீங்க ஒண்ணும் இல்லேன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வெல்டிங்காரர் போய்த் தம்பியின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, வெட்டியிருந்தால் இந்தக் கூரை இருந்திருக்காது என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வரும் வழியில் இவளிடம் நவம்பர் காய்ச்சலோடு மூக்கு போனதைச் சொன்னேன். இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நாலு மாசமா தினமும் வாசனை தூக்குதுன்னு சொன்னீங்களே. அதெல்லாம்?"

அதுவும் பொய்தான் என்றேன். அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். டேங்கை விட இதுதான் அவளை அதிகமாகச் சுட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு போனதற்கு ஒரு நாள்கூட நான் அழுததில்லை.

நாளைக்குக் கேன்டீன் மேனேஜரிடம் சொல்லப் போகிறேன். அவள் சொல்லச் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். மேனேஜர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்றார், இரண்டு தடவை. முடிவை யோசித்துச் சொல்வாராம்.

சின்ன மாஸ்டரிடம் அன்றைக்கு நான் டெஸ்ட் பண்ணவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அவள் நேராக ஸ்டோர் ரூமுக்குள் போனாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள். இரண்டு டின் எண்ணெயும் ஒரு மூட்டை மாவும் வெளியே வந்தன. நானேதான் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினேன்.

மார்ச் 18, புதன்

வேலை இருக்கிறது. அடுப்பில் ஏறும் எதையும் இனிமேல் சின்ன மாஸ்டர் முதலில் மோந்து பார்க்க வேண்டும், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலைகுனிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியம் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மார்ச் 21, சனி

ஒரு வாரமாகச் சோப்புத் தண்ணீரில் ஊறிய டேங்க். இவள் வந்து மோந்து பார்த்து, இன்னொரு தடவை கழுவச் சொல்லி, மறுபடி மோந்து பார்த்துத் தலையசைத்தாள். அப்புறமும் தண்ணீரை நிரப்பித்தான் வெல்டிங்காரர் வெட்டினார். சட்டப்படி பக்கத்தில் நின்றேன். இவளும் நின்றாள், போ என்று எவ்வளவு சொல்லியும் போகவில்லை. தண்ணீர் சீறியது, வேறு ஒன்றும் ஆகவில்லை. மாலைக்குள் கதவும் புகைபோக்கியும் கம்பித் தட்டும் ஏறிவிட்டன.

மார்ச் 22, ஞாயிறு

காலி அடுப்பில் விறகைத் திணித்து எரித்தோம், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டு இவள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை, "இப்ப வெறும் புகைதான்" என்றாள்.

நானும் தலையை விட்டுப் பார்த்தேன். கண் எரிந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பற்றவைத்துக் கறியை உள்ளே வைத்தேன். மகளும் மாப்பிள்ளையும் பதினொன்றுக்கு வந்தார்கள். மகளிடம் இவள் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்கிறாள். வந்ததும் என் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டு, "இனிமே எதையாவது மறைச்சுப் பாருப்பா" என்றாள்.

ஏழு மணி நேரம் புகையிலேயே நின்றேன். மூக்கு திறக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இரண்டு மணிக்கு இவள் அடுப்பருகே வந்து நின்றாள். கதவைத் திறக்கக்கூட இல்லை, வரும் புகையை ஒரு தடவை மோந்து பார்த்தாள். "வெந்திருச்சு. எடுங்க" என்றாள். என் கணக்குப்படி இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கையில் கடிகாரம், தட்டில் வெப்பமானி, இரண்டும் என் பக்கம். வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன். இருபத்தாறு வருடத்தில் இன்னொருவர் சொல்லி நான் எதையும் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. இன்று இறக்கினேன். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. சரியாக வெந்திருந்தது.