வெள்ளிக்கிழமைக்கு ஓர் எழுத்து

இன்று காலை கம்பெனியில் புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது. பெட்டியின் பலகையைப் பெயர்த்ததும் அந்தப் பைன் மர வாசனை மெஷின் ஷாப் முழுக்கப் பரவியது. உனக்குப் பிடித்த வாசனை. "ஜப்பான்ல வீடெல்லாம் இப்படித்தான் மணக்கும்ட்டி" என்று, போகாத ஊருக்கு நீயே சாட்சி சொல்வாய். பேனலில் இருந்த ஜப்பானிய எழுத்துகளைப் படித்துச் சொல்ல சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் சொல்லச் சொல்ல, லைனில் இருக்கும் பெண்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஸ்டிக்கர் எழுதி ஒட்டினார்கள். ஆபத்து. நிறுத்து. கோளாறு. கொஞ்ச நேர வேலைதான். முடித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படி ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பார்த்துத்தானே நாமும் ஆரம்பித்தோம். நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்தவள். நான் கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. ஓசூரில் ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே ஷிப்ட். ஜப்பானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேக்கரி மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தோம். ஒரு சொல்லுக்கு ஓர் உருவம் என்று 'கான்ஜி' எழுத்து மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, வருஷக்கணக்காகும் என்று முதல் நாளே சார் சொன்னார். உனக்கு அந்தப் பொறுமை இல்லை. கம்பெனி பேனலில் உள்ளதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, "பாதி முடிஞ்சிருச்சு" என்றாய்.

ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினியரிடம் போய், எங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று வேறு பீற்றிக்கொண்டாய். அந்த மனுஷர் மெய்யென்று நம்பி, அடுத்த முறை வரும்போது பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கடலைப் பார்க்கக் கிளம்பும் ஓர் ஆட்டின் கதை. நாம் திறந்து பார்த்தால் முதல் வரியே ஓடவில்லை. அதில் ஆபத்தும் இல்லை, ஆயில் பிரஷரும் இல்லை. புல், மழை, பறவை, அம்மா. இதில் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "நம்மகிட்ட இருக்கது பூரா பயர் இன்ஜின் ஜப்பானீஸ்ட்டி!"

அந்த வருஷம்தான் உன் கால் வீங்க ஆரம்பித்தது. நின்று வேலை பார்க்கிறவர்களுக்குக் கால் வீங்காமல் இருக்குமா? லைனில் எல்லாருக்கும் வீங்கும். அறைக்கு வந்ததும் வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைப்போம், காலையில் வடிந்துவிடும். உனக்கு வடியவில்லை. ஷூ பத்தவில்லை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொண்டாய். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடிப் போய்ப் பார்க்கிறவர்கள் நாம்.

உன் அம்மா ஊரிலிருந்து வந்து, கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தார். ஜப்பான் கனவு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கும் வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை. நீதான் போனில் கத்தினாய். "நீ போ. போயி எனக்கும் கொண்டா. ஆனா ஆபத்து, கோளாறு எல்லாம் இனி வேண்டாம். நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா. அந்தப் புஸ்தகத்த நான் படிச்சுப் பாக்கணும்."

எனக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பஸ் ஏறி, உனக்கு ஓர் எழுத்து கொண்டுவந்தேன். மழை என்ற எழுத்தில் சன்னலுக்கு வெளியே சொட்டுகிற மாதிரி நான்கு புள்ளிகள் இருக்கும். தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்த நீ, அதைத் தாள் நிறைய எழுதினாய். அடுத்து உப்பு கேட்டாய். "வாயிலதான் வைக்கக் கூடாது, எழுதலாம்லா?" உப்பளத்து ஊரில் பிறந்தவள் கேட்கிற கேள்வியா அது? சானமாவு பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று ஒரு நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தாமதமாக வந்தவளை நீ திட்டித் தீர்த்துவிட்டு, சமாதானமாவதற்கு யானையை எழுதிக் காட்டச் சொன்னாய். எனக்கு அது தெரியாது. அதற்கும் ஒரு திட்டு.

இப்படியே ஆடு மலையிறங்கி, ஆற்றைக் கடந்து, கடற்கரைக்கு முந்தின மேட்டுக்கு வந்துவிட்டது. மீதி கடைசிப் பக்கம் மட்டும்தான். அங்கே வந்ததும் நீ மாறிப்போனாய். "மொத பக்கம் மறந்து போச்சுட்டி, திரும்பப் படிப்போம்" என்பாய். ஒரு வெள்ளி கை வலிக்கிறது என்பாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நீ, இப்பிடியே போனா எப்ப முடிக்கிறது? ஒரு பக்கம்தான் கீது, இன்னிக்கே படிச்சிரலாம்."

"ஒனக்கென்ன அவசரம்? முடிச்சிட்டா அடுத்த வெள்ளி எதுக்கு வருவ?"

"புக்குக்காகவா வர்றேன் நானு? உன்னப் பாக்க வர்றேன்."

"தெரியும்" என்றாய். "அது கெடக்கட்டும். ஒரு எழுத்து கொண்டா."

புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். எனக்கு அன்று புரிந்தது. அதன் பிறகு கடைசிப் பக்கத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்திலேயே இல்லாத எழுத்துகளைத் தேடிக் கொண்டுவந்தேன். தேன், மின்மினி, அக்கா. வருஷக்கணக்காகும் என்று சார் சொன்னபோது முகம் சுளித்த நீ, இன்னும் எத்தனை எழுத்து பாக்கி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்க ஆரம்பித்தாய். நிறைய இருக்கிறது, தீரவே தீராது என்று சொல்வேன். அதைக் கேட்டால் உன் முகம் தெளியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய். வெள்ளிவரைகூட இருக்கவில்லை.

காரியம் முடிந்து உன் அம்மா அறையைக் காலி செய்தபோது போயிருந்தேன். "இத வச்சு நான் என்ன செய்ய, நீயே கொண்டு போம்மா" என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். தட்டுத் தடுமாறுவேன், அறைக்குப் போய் அகராதி பார்ப்பேன், ஒரு வாரமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். சூளகிரி வருவதற்குள் படித்து முடித்துவிட்டேன். ஆடு கடலைப் பார்த்தது, நாளைக்கும் வர வேண்டும் என்று நினைத்தபடி படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் கதை. எனக்குத் தெரியாத எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை.

ஒன்றாவது தெரியாமல் இருந்திருக்கலாம், தோழி. யாரிடமும் கொண்டுபோக முடியாவிட்டாலும், இன்னமும் வெள்ளிதோறும் புதிதாக ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆபத்தோ கோளாறோ இல்லாததாகப் பார்த்து.