மாமாவை நான் ஏன் வெளியே நிறுத்தினேன்

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். வெறுமனே சுகம் என்றால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறார், ஏறி முடித்ததும் யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை, சமையலறைக் குழாய்தான் ஒழுகுகிறது, தானே சரிசெய்வதாக அப்பா அதில் கை வைத்த பிறகு இன்னும் நன்றாக ஒழுகுகிறது. எங்கள் பல் கட்டும் கூடத்தில் வேலை நிறைய, மேசை முழுக்க யாரோ முகம் தெரியாதவர்களின் மேல் தாடையும் கீழ்த் தாடையுமாக மாவு அச்சுகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இவ்வளவு தூரத்திலிருந்து நான் வேறென்ன செய்யமுடியும்.

போன வாரம் போனில் நீ என்னிடம் கோபித்துக்கொண்டாய். மாமா உன்னைக் கூப்பிட்டு, அக்கா என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று புலம்பினாராம், நீயும் மனம் இளகி எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய், “இண்டர்நெட்டுல எல்லாரும் அப்படித்தாம்மா பேசுவாங்க, அதுக்காகக் கூடப்பிறந்தவரையே வெளிய தள்ளுவியா” என்று கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, பதில் இல்லாமல் அல்ல, போனில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நீ குறுக்கே வருவாய், கடிதத்தில் அது முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

நான் சதுரங்கம் ஆடுவதும், இணையத்தில் ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் மன்றத்துக்கு மூன்று பொறுப்பாளர்களில் ஒருத்தியாக இருப்பதும் உனக்குத் தெரியும். யாராவது தாங்கள் ஆடிய ஆட்டத்தைப் போடுவார்கள், மற்றவர்கள் இது சரி இது தப்பு என்று அலசுவார்கள், அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான். உன் மாமா அங்கே ‘ஒற்றை யானை’. ஆட்டத்தில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அவன் என் தம்பி என்பது மற்ற இரண்டு பொறுப்பாளர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. மன்றத்துக்கு நான் எழுதிவைத்த விதி ஒன்றே ஒன்று, காயைத் திட்டு, கையைத் திட்டாதே. நகர்த்தல் மட்டமாக இருந்தால் மட்டம் என்று சொல், நகர்த்தின ஆளைப் பற்றிப் பேசாதே. இதில் புரியாமல்போக என்ன இருக்கிறது?

அங்கே ‘மெழுகுவத்தி’ என்று ஒரு பெண் புதிதாக வந்தாள், ஆடக் கற்று அதிக நாள் ஆகவில்லை என்று அவளே எழுதியிருந்தாள். ஒருநாள் தன் ஆட்டம் ஒன்றைப் போட்டு, குதிரையை வேண்டுமென்றே பலிகொடுத்து எதிராளியின் ராஜாவை விரட்டியதைச் சொல்லி, இந்த மாதிரி இடத்தில் குதிரையைக் கொடுக்கவே கூடாது என்று ‘ஒற்றை யானை’ முன்பு எழுதியது சரியில்லை என்று முடித்திருந்தாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். உன் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. குதிரையை வெட்டிவிட்டு ராஜா மூலைக்குப் போனால் உன் தாக்குதல் முடிந்தது என்று முதல் வரியில் எழுதினான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. அடுத்த வரியில், இந்த மூளையை வைத்துக்கொண்டு காய் நகர்த்துவதைவிட நீ வீட்டில் காய் நறுக்கலாம் என்று எழுதினான். அதற்குக் கைதட்டவும் ஒரு கூட்டம் வந்தது, ஆளுக்கொரு காய்கறியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு ஆட்டத்தைப் பற்றிப் பதில் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு அவன், உன்னைப் பெற்றவர்கள் உனக்குப் பெரியவர்களிடம் பேசக் கற்றுக்கொடுக்கவில்லையா என்று போட்டான். அதோடு அவள் பேச்சு நின்றுபோனது. பெற்றவர்களை இழுத்தான் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் சும்மா இருப்பேனா?

எடுத்த எடுப்பில் நான் அவனை வெளியே நிறுத்தவில்லை, அதை உன்னிடம் அவன் சொல்லியிருக்கமாட்டான். முதலில் தனியாக எழுதி, அந்த வரிகளை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவி என்றேன். “நான் சொன்னதுல என்னக்கா தப்பு, ஆட்டம் தப்புன்னா தப்புதானே” என்று பதில் வந்தது. ஆட்டத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? அப்புறம் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, “முகம் தெரியாத ஒருத்திக்காக என்கிட்ட நியாயம் பேசுறியா” என்று கேட்டான். முகம் தெரியாததால்தானடா நீ அப்படிப் பேசினாய் என்றேன். எழுந்து போய்விட்டான். மற்ற இரண்டு பொறுப்பாளர்களும், நல்ல ஆட்டக்காரர், அவரைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், கண்டும் காணாமல் விட்டுவிடலாமே என்று இழுத்தார்கள். என் தம்பிக்கு ஒரு விதி ஊராருக்கு ஒரு விதி என்றால் இந்தப் பொறுப்பே எனக்கு வேண்டாம் என்று சொல்லி, ஒரு மாதம் அவன் அங்கே எழுதமுடியாதபடி நிறுத்திவைத்தேன், கூடச் சிரித்தவர்களுக்கும் எச்சரிக்கை போனது. அப்பாகூட, “அவன் ரோஷக்காரன், வீட்டுக்கு வராமப் போயிடப் போறான்” என்று பயந்தார். வராமலும்தான் இருந்தான். அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்க்கும்போது எனக்கு மட்டும் இனித்ததா சொல்.

இதில் நடுவே ஒரு கூத்து. ‘புதிய சிப்பாய்’ என்று ஒருவர் மன்றத்தில் சேர்ந்தார், சேர்ந்த அன்றே மூன்று பேருடைய ஆட்டத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ‘இதுகூடத் தெரியாதா’ என்று எழுதினார். நாற்பது வருஷமாக என் காதில் விழும் வார்த்தை எனக்குத் தெரியாதா? அந்தக் கணக்கையும் மூடினேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், “யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், வேஷம் போட்டுக்கிட்டு வந்து சறுக்குறதை இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணிடமிருந்து பொறுப்பாளர்களுக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டாம், என் குதிரை ஆட்டம் சரியா தப்பா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், அதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பலகையை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். குட்டி, உன் மாமா சொன்னதுதான் சரி, அந்தக் குதிரையைக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் ஏன் என்று கேட்டால் எனக்கு முழுசாக விளங்கவில்லை, விளங்கவைக்கக்கூடியவனை நானே வெளியே நிறுத்திவைத்திருக்கிறேன்.

மறுநாள் வேலை முடிந்து நேரே அவன் கார் ஓட்டப் பழக்கும் மைதானத்துக்குப் போனேன். ஒரு நடுவயதுக்காரர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார், இவன் பக்கத்து இருக்கையில். வண்டி போய் வரிசையாக நிறுத்தியிருந்த கூம்புகளில் இரண்டைச் சாய்த்தது. இவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல சார், கூம்புதானே, மறுபடி முன்னால வாங்க, அவசரமே இல்ல” என்றான். திரும்பவும் சாய்த்தார். திரும்பவும் அதே குரல். என்னைக் கண்டதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கிவந்தான். நான் சண்டை போடவில்லை, அந்தப் பெண்ணின் செய்தியை மட்டும் படித்துக்காட்டினேன். “மன்னிப்பு வேணாம்னா எழுதியிருக்கு?” என்று இரண்டு தரம் கேட்டான். இவரிடம் மட்டும் ஏன் நீ, இதுகூடத் தெரியாதா என்று கேட்கவில்லை என்றேன். “அவர் கை நடுங்குதுக்கா, பாக்குறேன்ல” என்று சொல்லிவிட்டு, சாய்ந்துகிடந்த கூம்புகளை நிமிர்த்திவைக்கப் போனான்.

இரண்டொரு நாளில் எனக்கு ஒரு நீளமான விளக்கம் அனுப்பி, அவளுக்குக் கொடுத்துவிடு, கூடவே மாதக் கெடுவையும் கொஞ்சம் குறைத்துவிடேன் என்று கேட்டான், அந்தச் சமயத்தில்தான் உன்னையும் சிபாரிசுக்குப் பிடித்திருக்கிறான். இரண்டுக்கும் முடியாது என்றேன். மாதம் முடியட்டும், நீயே உன் பெயரில், எல்லாரும் பார்க்கச் சிரித்த அதே இடத்தில் போடு என்றேன். நேற்று முன்தினம் மாதம் முடிந்தது. மாலையில் நானும் அப்பாவும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ‘உங்களையும் உங்கள் பெற்றோரையும் பற்றி நான் எழுதியது தவறு, அதற்கு வருந்துகிறேன்’ என்று முதலில் எழுதி, அதன் கீழே அந்தக் குதிரை ஆட்டத்தை ஒவ்வொரு படியாக, படம் போட்டு விளக்கியிருந்தான். எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய பதில் வந்தது. நன்றி, குதிரையைக் கொடுத்தது தப்பு என்று இப்போது புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்வதுபோல ராஜா மூலைக்குப் போகவும் கூடாது, போனால் என் யானை கடைசி வரிசைக்கு வந்து ஆட்டத்தையே முடித்துவிடும், ராஜாவின் சிப்பாய்களே அதன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, ராஜா நடுப்பக்கம் வருவதுதான் சரி என்று எழுதியிருந்தாள்.

நான் பலகையில் வைத்துப் பார்த்தேன், அவள் சொன்னது அப்படியே உண்மை. அப்பா, “போச்சு, மறுபடியும் ஒரு மாசம்” என்றார். ‘ஒற்றை யானை எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று திரையில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. இவ்வளவு நேரமாக என்னத்தை எழுதுகிறான், எழுதி அழிக்கிறானா என்று நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரே வரி வந்தது: ‘ஆமாம், நான் அதைப் பார்க்கவில்லை. நல்ல நகர்த்தல்.’

மகளே, நீ நல்ல உடல்நலத்தோடும் தைரியத்தோடும் நீண்டகாலம் நன்றாக இருக்கவேண்டும், உன் வேலையில் உனக்கு நல்ல பெயர் கிடைக்கவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாமாவுக்கு ஒரு போன் பண்ணு, ஆனால் எனக்குப் பரிந்தோ அவனுக்குப் பரிந்தோ பேசாதே, வெறுமனே எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். நாளைக்குச் சாப்பிட வருகிறானாம்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா