காளான் மேல் போட்ட பழி

என் அன்பு ரோசி அக்கா,

நீ போய் இன்றோடு இருபத்தாறு நாள். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

மூலக்குளத்தில் உன் தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? வீட்டில் வளர்த்த காளானைத் தின்றுதான் நீ செத்தாயாம். எதிர்வீட்டு அம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "குப்பையில மொளைக்கறத வூட்டுல வளத்தா வெளங்குமா?"

உன் வீட்டுக்காரர், அதுதான் மாமா, பக்கத்திலேயே நின்றார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதை என்னோடு சேர்ந்து கேட்டவர். வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே உன் சிப்பிக்காளான் பைகளை எல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, வித்துத் தூவி நீ கட்டிய பைகள். பழி காளான்மேல் போனால் அவருக்கு நல்லதுதானே. நெஞ்சு வலிக்கிறது என்று முந்தின நாளே நீ அவரிடம் சொன்னாயே, அதைப்பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

உனக்காவது புத்தி எங்கே போனது? பையில் துளி பச்சைப் பூஞ்சை தெரிந்தாலே பதறுவாய். நீ போன அன்று காலை போனில் மட்டும், "நெஞ்ச அடைக்குதுடி. நேத்தே மாமாகிட்ட சொன்னேன். கேஸாத்தான் இருக்கும். பைக்குத் தண்ணி தெளிச்சுட்டுப் படுக்கறேன்" என்றாய். நானும், "சோடா குடிக்கா, சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொட்டியிலிருந்து இரண்டு பைகளை எடுத்து வந்தேன். காளானுக்கு இருட்டு வேண்டும் என்பாயே; என் லாஸ்பேட்டை குவார்ட்டர்சில் குளியலறைதான் இருட்டு, அங்கேயே தொங்கவிட்டேன். ஒன்று பச்சை பிடித்துக் கெட்டுப்போனது. வைக்கோலுக்குள் ஓடும் வெள்ளை நூல்தான் அதன் உடம்பு, காளான் வெறும் காய் மாதிரி என்று நீ விளக்கியபோது கொட்டாவி விட்டவள் நான். இப்போது தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மிஞ்சிய பையில் இன்று மொட்டு விட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள். பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு. மாமா பிரியாணிக்குச் சொல்லியிருக்கிறார். நான் மிளகு போட்டு ஒரு சட்டி காளான் வதக்கி எடுத்துப்போவேன். தெருவே பார்க்க முதலில் நான் சாப்பிடுவேன். பிறகு, "டாக்டர் என்ன சொன்னாருன்னு எல்லாருக்கும் சொல்லுங்க மாமா" என்பேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். உன்னைச் சோடா குடிக்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்த தங்கை,
ஸ்டெல்லா