முதல் வளைவு மண்

கோஜூவ்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கைத்தெக்குக்கு அம்மா எழுதுவது. ஸ்வீடனில் நீயும், ஒட்டவைத்த உன் எலும்புகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய பல்செட் மட்டும் விளிம்பு உடைந்து கிடக்கிறது. அது எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பந்தயம் முடிந்ததும் வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் கப்பலேறிவிட்டாய், நான் கோழி சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். உன் மெக்கானிக்கிடம் போனில் கேட்டால், பெற்ற அப்பாவே என்னைப் பார்த்து இளக்காரமாக விசிலடித்தார், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னாயாம். ஹெல்மெட்டுக்குள் இருந்த உனக்கு என்ன தெரியும், பக்கத்தில் இருந்தவள் நான். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள், வட்டப் பாதையில் இடது பக்கம் மட்டும் திரும்புகிற பிழைப்பு, வேண்டாம் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டபோது உன்னைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனவர் அவர். தோள் எலும்பு உடைந்து நீ கிடந்தபோதும், விழுந்தாலும் ஸ்டார்ட் நன்றாக எடுத்தான் என்று நர்ஸிடம் பெருமையடித்தவர். அவருடைய மகன் இந்த வருஷம் நம் ஊருக்குப் பரம எதிரியான ஜெலோனா கூராவுக்கு ஓட்டக் கையெழுத்துப் போட்டால்? வேறு எந்த ஊராக இருந்தாலும் மனுஷர் ஜீரணித்திருப்பார். ரொட்டிக் கடையில் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள் தெரியுமா. அதனால் உன் பேரைச் சொன்னதும் துரோகி என்று ஊரே விசிலடிக்க, இவரும் இரண்டு விரலை வாய்க்குள் விட்டார், அது உண்மைதான். ஆனால் வந்தது சத்தமில்லை, பல்செட். முன்வரிசைப் பெண்ணின் கோட்டுத் தொப்பிக்குள் போய் விழுந்து, அவள் போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்கலாம். ஆக உன் அப்பா விசிலடிக்கவில்லை, அடிக்கப் பார்த்தார். கோபப்படுவதானால் அந்த அளவுக்கு மட்டும் கோபப்படு.

பிறகு கடைசி ஓட்டம், இரண்டு ஊரும் சமப் புள்ளி. முதல் வளைவில் நீ வேலியை உரசிக்கொண்டு வெளிப்பக்கமாக வந்தாய், உன் பின்சக்கரம் வாரியடித்த ஈர மண் முழுக்க எங்கள் வரிசை மேல். எல்லோரும் வழக்கம்போல் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பிடித்தோம். எப்போதும் முதலில் தூக்குகிறவர் அப்பாதான், அன்றைக்குத் தூக்கவில்லை. எழுந்து நின்றார். நான்கு சுற்றும் நின்று வாங்கிக்கொண்டார். நீ ஜெயித்தாய், நம் ஊர் தோற்றது, உன்னைத் திட்டாத வாயில்லை. பக்கத்து இருக்கை எட்மண்ட் கைக்குட்டையை நீட்டி, மூஞ்சியத் தொடைச்சுக்கய்யா என்றார். அப்பா பல்லில்லாத வாயால் சொன்னார்: "உன் மூஞ்சியத் தொடைச்சுக்க. இது என் பையன் அடிச்ச மண்ணு."

அப்பா அன்றைக்குப் போட்டிருந்த கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் மண்ணோடு தொங்குகிறது. துவைக்கக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார், நடைவழியெல்லாம் மண், எவ்வளவுதான் பெருக்குவேன். வா என்று அவர் வாயால் கூப்பிட மாட்டார், உனக்கே தெரியும். ஆனால் வாசல் மணி அடித்தால் அந்த உடைந்த பல்செட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறார், நீயாக இருக்குமோ என்று. நேற்று வந்தது தபால்காரர்.

இந்த ஞாயிறு பந்தயத்துக்கு வரும்போது வீட்டுக்கும் வந்துவிடு. மாதா உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, தெருவைக் கடக்கும்போது வலது பக்கமும் பார்.

இப்படிக்கு,
கோட்டைத் துவைக்கக் காத்திருக்கும்
அம்மா