மைக்கில் படித்த சீட்டு

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வெளியூரில் வேலையாய் இருக்கும் இந்நேரத்தில் இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். கல்லூரி நாளிலிருந்து நான் பைத்தியமாய்க் கேட்ட மெல்லிசைக் குழு நேற்று பாகூர் திருவிழாவுக்கு வந்திருந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய், பாடகரிடமே பாட்டுக் கேட்டுச் சீட்டு கொடுத்தேன். "எட்டு வருஷமாக உங்கள் ரசிகை" என்று எழுதி, திருமதி என்று உங்கள் பெயரையும் சேர்த்திருந்தேன்.

அதை அவர் மைக்கில் படித்தார். "இன்னாம்மா, எட்டு வருசமா என்னை நெனச்சிக்கினு அவருக்குப் புள்ள பெத்துக் குடுத்துட்டியே!"

ஊரே விசிலடித்தது. வெட்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை அத்தை பார்த்துவிட்டார்.

வீடு திரும்பியதும் வாசலிலேயே பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "போடி, அவன் வேன்லயே ஏறிப் போ" என்று கதவைச் சாத்தினார்.

அப்பா வீட்டில் இருக்கிறேன். பால் கட்டி மார்பு வலிக்கிறது. பாப்பா எதைக் குடிக்கிறாளோ தெரியவில்லை.

அவளை என்னிடம் கொடுக்கச் சொல்லி அத்தைக்கு எழுதுங்கள். எனக்கும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி